கணக்கு ஏன் பதினான்காவது அத்தியாயத்தில் வருகிறது?

அமெரிக்க கம்யூனிட்டி காலேஜ்களில் 'இன்ட்ரொடக்‌ஷன் டு பிசினஸ்' என்று ஒரு பாடம் இருக்கிறது. தொழில் என்றால் என்ன, ஒரு கம்பெனி எப்படி இயங்குகிறது என்பதை ஒரே செமஸ்டரில் சொல்லித்தரும் அறிமுக வகுப்பு. கணக்கு, சட்டம், மார்க்கெட்டிங் எதுவும் முன்கூட்டித் தெரிந்திருக்க வேண்டியதில்லை. யார் வேண்டுமானாலும் சேரலாம்.

இந்தப் பாடத்துக்கான இலவசப் பாடநூல்களில் நன்கு அறியப்பட்டது, ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓபன்ஸ்டாக்ஸ் 2018-ல் வெளியிட்ட நூல். பாடத்தின் பெயர்தான் நூலின் பெயரும். மொத்தம் 17 அத்தியாயங்கள். முழுவதையும் வாசித்துக் குறிப்பெடுத்து வைத்திருந்தேன். அந்தக் குறிப்புகளை ஒழுங்குபடுத்தியபோது ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்ப வந்து நின்றது. இந்தப் புத்தகம், அதோடு சேர்த்து இந்தப் பாடமே, வகுப்பில் உட்கார்ந்திருக்கும் இரண்டு வகை மாணவர்களில் ஒருவரை மட்டும்தான் பார்க்கிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இடம் எது, மாணவர் யார்?

முதலில் இந்தக் கல்லூரிகளைப் பற்றிக் கொஞ்சம். தமிழ்நாட்டில் 'சமுதாயக் கல்லூரி' என்ற பெயரில் நடப்பவை வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம். அமெரிக்காவில் இது உயர்கல்வியின் மைய நீரோட்டத்தில் இருக்கும் அமைப்பு. 1901-ல் இல்லினாய் மாநிலத்தின் ஜோலியட் நகரில் ஆறே மாணவர்களோடு தொடங்கிய ஜூனியர் காலேஜ்தான் இந்த வகையில் மூத்தது என்று சொல்வார்கள். 1947-ல் அதிபர் ட்ரூமன் நியமித்த உயர்கல்விக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு 'கம்யூனிட்டி காலேஜ்' என்ற பெயர் பரவலானது. இரண்டு ஆண்டுப் படிப்பு, குறைந்த கட்டணம், நுழைவுத் தேர்வு வடிகட்டல் இல்லை. இவைதான் அடையாளங்கள்.

கலிஃபோர்னியாவை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அங்கே விதிகள் மாநிலம் முழுக்க ஒரே மாதிரி. 116 கல்லூரிகள். 1984 வரை மாநிலவாசிகளுக்குக் கட்டணமே கிடையாது. இப்போது யூனிட்டுக்கு 46 டாலர். 2012-லிருந்து அதே தொகைதான். பிசினஸ் அறிமுகப் பாடம் மூன்று யூனிட். ஆக 138 டாலர். வருமானம் குறைந்தவர்களுக்கு அதிலும் விலக்கு உண்டு. பாடநூலை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வேறெங்கே ஒரு செமஸ்டர் முழுக்க இந்த விலைக்குப் படிக்க முடியும்? அமெரிக்காவின் உருப்படியான ஏற்பாடுகளில் இது ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. குறை சொல்லப் போவதால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இப்படி ஒரு கதவைத் திறந்து வைத்தால் உள்ளே யார் வருவார்கள்? ஒரு பக்கம் பள்ளி முடித்த பதினெட்டு வயதுப் பிள்ளைகள். இரண்டு வருடம் இங்கே குறைந்த செலவில் படித்துவிட்டு, மூன்றாம் வருடம் பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகிறவர்கள். டிரான்ஸ்ஃபர் மாணவர்கள் என்று பெயர். இன்னொரு பக்கம், பகலில் வேலை பார்த்துவிட்டு மாலை வகுப்புக்கு வருகிறவர்கள். சமையல் ஆர்டர் எடுக்கிறவர், வீடு சுத்தம் செய்யும் வேலையில் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தானே நடத்த நினைப்பவர், பிளம்பிங் உரிமம் வாங்கிய கையோடு தனியாகக் கடை போடப் பார்ப்பவர். இவர்கள் பட்டத்துக்காக வருவதில்லை. ஒரே ஒரு பாடம் எடுப்பார்கள். அது பெரும்பாலும் இந்தப் பாடமாகத்தான் இருக்கும், ஏனென்றால் பட்டியலில் 'பிசினஸ்' என்று தொடங்கும் முதல் பெயர் இதுதான்.

இரண்டாவது ஆளுக்கு இந்தப் பாடம் என்ன கொடுக்கிறது? என் கேள்வி இதுதான்.

புத்தகத்தின் நல்ல பக்கம்

நூலின் ஆங்கிலம் எளிமை. ஆங்கிலம் தாய்மொழி அல்லாதவர்களும் தடுக்காமல் படித்துப் போகலாம். நான்காவது அத்தியாயத்தில் தனிநபர் தொழில், கூட்டாண்மை, கார்ப்பரேஷன், எல்எல்சி ஆகிய உரிமை வடிவங்களை நன்மை தீமையோடு வரிசையாக வைத்து ஒப்பிடுவது தெளிவாக இருக்கிறது. பதினான்காவது அத்தியாயத்தில் ஒரு கற்பனை இனிப்புக் கம்பெனியை வைத்து ஐந்தொகை, லாப நட்டக் கணக்கு, பணப் பாய்வு அறிக்கை மூன்றையும் விளக்குவது இந்த நூலின் சிறந்த பகுதிகளில் ஒன்று. நம்ம ஊர் பிளஸ் டூ காமர்ஸ் மாணவருக்கு அது பழைய செய்தியாக இருக்கலாம். ஆனால் வாழ்நாளில் ஒரு பேரேட்டைக்கூடப் பார்க்காதவருக்கு நல்ல அறிமுகம்.

விலையையும் மறக்கக் கூடாது. வணிகப் பதிப்பாளர்களின் புது அறிமுகப் பாடநூல்கள் நூறு டாலரைத் தாண்டிப் போவது சகஜம். 138 டாலர் பாடத்துக்கு அதே அளவில் ஒரு புத்தகச் செலவு என்றால் பாதிப் பேர் வாங்காமலே செமஸ்டரை ஓட்டப் பார்ப்பார்கள். ஓபன்ஸ்டாக்ஸ் அந்தத் தடையை எடுத்துவிட்டது. அது பெரிய காரியம்.

வரிசைதான் பிரச்சனை

இப்போது அத்தியாய வரிசையைப் பாருங்கள். முதல் அத்தியாயம் பொருளாதார அமைப்புகள்: தேவை, அளிப்பு, ஜிடிபி, பணவீக்கம், நிதிக் கொள்கை. இரண்டாவது நெறிமுறை. மூன்றாவது உலகச் சந்தை. நான்காவது உரிமை வடிவங்கள். ஐந்தாவது தொழில்முனைவு. ஆறிலிருந்து ஒன்பது வரை நிர்வாகம், அமைப்பு வடிவம், மனிதவளம், ஊக்கப்படுத்துதல். பத்து உற்பத்தி. பதினொன்று, பன்னிரண்டு மார்க்கெட்டிங். பதின்மூன்று தகவல் தொழில்நுட்பம். பதினான்கில் கணக்கு. பதினைந்தில் பணமும் வங்கிகளும். பதினாறில் நிதி நிர்வாகமும் பங்குச் சந்தையும். பதினேழில் வேலை தேடுவது.

ஐந்தாவது அத்தியாயத்தில் சொந்தத் தொழில் தொடங்குவது, பிசினஸ் பிளான் எழுதுவது பற்றி வந்துவிடுகிறது. அந்த பிளானில் நிதிப் பகுதி எழுத வேண்டும். அதற்குத் தேவையான கணக்கு வருவதற்கு இன்னும் ஒன்பது அத்தியாயம் காத்திருக்க வேண்டும். எங்கள் தொழிலில் இதை டிபென்டென்சி ஆர்டர் தப்பு என்போம். முதலில் வர வேண்டியது பின்னால் நிற்கிறது. அதைச் சார்ந்தது முன்னால் ஓடுகிறது. புரோகிராம் என்றால் கம்பைலர் நிறுத்திவிடும். பாடநூலை நிறுத்த ஆளில்லை.

காலண்டரில் வைத்துப் பார்த்தால் இன்னும் மோசம். செமஸ்டர் சுமார் பதினாறு வாரம். வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று வரிசைப்படி போகும் ஆசிரியரிடம் ஆகஸ்ட் கடைசியில் வகுப்பு தொடங்கினால், கணக்கு அத்தியாயம் நவம்பர் கடைசியில், தேங்ஸ்கிவிங் விடுமுறையை ஒட்டி வரும். பாடத்தை இடையில் விட்டுவிடக் கடைசித் தேதி பெரும்பாலும் அதற்கு முன்பே போயிருக்கும். அதாவது பாடத்தைத் தொடர்வதா, விடுவதா என்பதை ஒருவர் ஓர் ஐந்தொகையைக்கூடப் பார்க்காமலே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. தொடர்கிறவர்களுக்கும் அந்த வாரம் இறுதித் தேர்வு நெருக்கத்தில் அவசர அவசரமாக ஓடும்.

சரி, கணக்கு பின்னால் வந்தால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார்ப்போம்.

அலுவலகங்களுக்கு மதிய உணவு கொடுக்கும் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். கையில் 4,400 டாலர் சேமிப்பு. வாடிக்கையாளர்கள் எல்லாம் கம்பெனிகள். பில் கொடுத்த அடுத்த மாதம்தான் பணம் தருவார்கள். காய்கறி, சமையல்கூட வாடகை, உதவியாளர் சம்பளம் எல்லாம் அந்தந்த மாதமே ரொக்கம். விற்பனையில் 70 சதவீதம் செலவு.

முதல் மாதம் விற்பனை 6,000. செலவு 4,200. லாபம் 1,800. ஆனால் உள்ளே வந்த பணம் சைபர். வங்கியில் மிச்சம் 200 டாலர்.

இரண்டாம் மாதம் பெயர் பரவி விற்பனை 9,000. செலவு 6,300. லாபம் 2,700. முதல் மாத பாக்கி 6,000 உள்ளே வருகிறது, 6,300 வெளியே போகிறது. வங்கியில் மைனஸ் 100.

இரண்டு மாதத்தில் மொத்த லாபம் 4,500 டாலர். தொழில் ஒன்றரை மடங்கு வளர்ந்திருக்கிறது. உணவு நன்றாக இருக்கிறது, ஆர்டர் வருகிறது, விலையும் தப்பில்லை. ஆனால் அடுத்த வாரக் காய்கறிக்குக் காசு இல்லை. வளர்ச்சி கொஞ்சம் மெதுவாக இருந்திருந்தால் இந்த நிலை வந்திருக்காது என்பதுதான் வேடிக்கை. இரண்டாம் மாதமும் விற்பனை 6,000-லேயே நின்றிருந்தால் வங்கியில் 2,000 டாலர் இருந்திருக்கும். போட்டுப் பாருங்கள்.

லாபம் வேறு, கையில் இருக்கும் ரொக்கம் வேறு. நம்ம ஊர் மளிகைக் கடைக்காரருக்கு இது ரத்தத்தில் ஊறியது. 'இன்று ரொக்கம் நாளை கடன்' என்று பலகை மாட்டியிருப்பது அதனால்தான். சொந்தமாகத் தொழில் தொடங்குகிறவர் முதல் வாரம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இது. தெரிந்தால் அந்தப் பெண்மணி முன்பணம் கேட்பார், அல்லது பதினைந்து நாள் தவணை பேசுவார், அல்லது மூன்றாவது கம்பெனி ஆர்டரை ஒரு மாதம் தள்ளிப்போடுவார். மூன்றுமே சுலபமான முடிவுகள். பணம் தீர்வதற்கு முன் எடுத்தால் மட்டும்.

அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் நீண்டகாலக் கணக்குப்படி, புதிதாகத் தொடங்கும் நிறுவனங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் வருடத்திலேயே மூடப்படுகிறது. ஐந்து வருடத்துக்குள் சுமார் பாதி. எல்லாம் ரொக்கத் தட்டுப்பாட்டால்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் இப்படி ஒரு உலகத்துக்கு ஒருவரை அனுப்பும் பாடம் எதை முதலில் சொல்ல வேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை.

ஏன் இப்படி அமைந்தது?

எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. அவர்கள் அனுபவசாலிகள். காரணம் பாடத்தின் அமைப்பில் இருக்கிறது.

கலிஃபோர்னியாவில் ஒரு கல்லூரியில் படித்த பாடத்தைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்வதைச் சுலபமாக்க ஒரு பொது வரையறை இருக்கிறது. சி-ஐடி என்று பெயர். இந்தப் பாடத்தின் எண் பிசினஸ் 110. அதன் விவரிப்பு, சமூகம், பொருளாதாரம், சட்டம், அரசியல், உலகச் சூழல், நிதி அமைப்புகள், மனித நடத்தை எல்லாம் ஒரு வணிக அமைப்பை எப்படிப் பாதிக்கின்றன என்பதை ஆராய்வதாகப் போகிறது. கவனியுங்கள்: தொழிலைச் சுற்றியுள்ளவை தொழிலை எப்படிப் பாதிக்கின்றன என்பதுதான் மையம். தொழிலை எப்படி நடத்துவது என்பது அல்ல. வானத்திலிருந்து எடுத்த படம். தெருவில் நிற்கிறவருக்கு வழிகாட்டும் வரைபடம் அல்ல.

டிரான்ஸ்ஃபர் மாணவருக்கு இது போதும். அவர் எப்படியும் ஃபைனான்ஷியல் அக்கவுன்டிங் ஒரு செமஸ்டர், மேனேஜீரியல் அக்கவுன்டிங் ஒரு செமஸ்டர் தனியாகப் படிப்பார். பிசினஸ் லா படிப்பார். மேக்ரோ, மைக்ரோ பொருளாதாரம் இரண்டும் படிப்பார். ஆகவே அறிமுகப் பாடத்தில் கணக்கு கடைசியில் வந்தால் அவருக்கு நஷ்டமில்லை. அவரைப் பொறுத்தவரை முதல் அத்தியாயத்தின் ஜிடிபியும் பதினைந்தாவது அத்தியாயத்தின் ஃபெடரல் ரிசர்வும் பிறகு எப்படியும் விரிவாக வரப்போகிற பாடங்களின் முன்னோட்டம்தான்.

மாலை வகுப்புக்காரருக்கு அப்படி 'பிறகு' என்று எதுவும் இல்லை. அவருக்கு இந்த மூன்று யூனிட்தான் மொத்தமும். அந்த மூன்று யூனிட்டில் ஒரு வாரம் ஜிடிபிக்குப் போகிறது.

நாடு முழுக்கப் பார்த்தால் எந்த மாணவர் விதிவிலக்கு, எந்த மாணவர் வழக்கம்? அமெரிக்க அரசின் சிறுதொழில் நிர்வாகமான எஸ்பிஏ, 500 பேருக்குக் குறைவாக வேலை செய்யும் நிறுவனங்களைச் சிறுதொழில் என்று எண்ணுகிறது. அந்தக் கணக்கில் நாட்டின் நிறுவனங்களில் 99.9 சதவீதம் சிறுதொழில்தான். அதில் ஐந்தில் நான்குக்கு மேல் ஒரு ஊழியர்கூட இல்லாதவை, முதலாளியே தொழிலாளி. ஊழியரே இல்லாத தொழில்தான் எண்ணிக்கையில் பெரும்பான்மை என்றால், அமைப்பு வடிவம், மனிதவளம், ஊக்கப்படுத்துதல் என்று மூன்று முழு அத்தியாயம் கணக்குக்கு முன்னால் நிற்பது யாருக்காக? பெரிய கம்பெனியில் மேனேஜராகப் போகிறவருக்காக. அதில் தப்பில்லை. ஆனால் பாடத்தின் பெயர் 'பெரிய கம்பெனி அறிமுகம்' இல்லையே.

மாஸ்லோ எங்கும் உண்டு

ஒன்பதாவது அத்தியாயத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். டெய்லர், ஹாதோர்ன் ஆய்வுகள், மாஸ்லோவின் தேவைப் படிநிலை, மெக்ரெகரின் எக்ஸ், ஒய் கோட்பாடுகள், ஹெர்ஸ்பெர்க். தமிழ்நாட்டில் பிஇ படித்தவர்களுக்கு இந்த வரிசை கண்ணை மூடிக்கொண்டு வரும். 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் மேனேஜ்மென்ட்' பேப்பரில் பதினாறு மார்க் கேள்வி. கடல் கடந்தும் அதே பட்டியல், அதே வரிசை.

பட்டியல் பழசாக இருப்பதைவிட, அதன் மேல் நடந்த ஆராய்ச்சி பாடத்துக்குள் வராமலிருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது. மாஸ்லோ 1943-ல் எழுதிய கட்டுரையில் பிரமிட் படமே கிடையாது. பின்னால் வந்த நிர்வாகவியல் எழுத்தாளர்கள் வரைந்தது அது. 2019-ல் மூன்று ஆய்வாளர்கள் அந்தப் படத்தின் பூர்வீகத்தைத் தேடி விரிவாக எழுதினார்கள். ஹாதோர்ன் கதையும் அப்படித்தான். 1924-லிருந்து 1932 வரை சிகாகோ அருகே வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் தொழிற்சாலையில் நடந்தது. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் உற்பத்தி ஏறியது, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வே காரணம் என்று காலம் காலமாகச் சொல்லிவருகிறார்கள். ஸ்டீவன் லெவிட், ஜான் லிஸ்ட் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் அந்த வெளிச்சச் சோதனையின் மூலத் தரவுகளைத் தேடியெடுத்து 2011-ல் ஆய்வு வெளியிட்டார்கள். பிரபலமாகச் சொல்லப்படும் அந்தத் தெளிவான ஏற்றம் தரவில் இல்லை; மிக மெல்லிய அடையாளங்கள் மட்டும் இருக்கலாம் என்பது அவர்கள் முடிவு.

2018 நூலில் 2011 ஆய்வுக்கு இடமிருந்திருக்கலாம். ஒரு பத்தி போதும். 'இந்தக் கதையை இப்படித்தான் நம்பினார்கள், தரவைப் பார்த்தபோது இப்படி இருந்தது' என்று சொன்னால் மாணவர் ஒரு கோட்பாட்டோடு சேர்த்து, சொன்னதைச் சரிபார்க்கும் பழக்கத்தையும் கற்றுக்கொள்வார். தொழில் செய்கிறவருக்கு இரண்டாவதுதான் சோறு போடும்.

2018-க்குப் பின் மாறியவற்றையும் மாணவரே கவனித்துக்கொள்ள வேண்டும். வங்கிகளின் கட்டாய இருப்பு விகிதத்தை ஃபெடரல் ரிசர்வின் கருவிகளில் ஒன்றாக நூல் சொல்கிறது. நம்ம ரிசர்வ் வங்கியின் சிஆர்ஆர் மாதிரி. 2020 மார்ச்சில் அமெரிக்கா அதைச் சைபர் ஆக்கிவிட்டது. மூன்றாவது அத்தியாயத்தின் நாஃப்டா ஒப்பந்தத்துக்குப் பதிலாக 2020 ஜூலையில் யுஎஸ்எம்சிஏ வந்துவிட்டது. இவை யார் குற்றமும் இல்லை; அச்சிட்ட புத்தகத்தின் விதி. ஆனால் சீக்கிரம் காலாவதியாகும் விஷயங்கள் எல்லாம் சுற்றுச்சூழல் அத்தியாயங்களில்தான் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள். ஐந்தொகை காலாவதியாவதில்லை.

எல்எல்சி என்றால் எவ்வளவு?

நான்காவது அத்தியாயத்தைப் பாராட்டினேன். ஆனால் அதைப் படித்து முடித்தவர் ஒரு முடிவெடுக்க முடியுமா என்று சோதித்துப் பார்த்தேன்.

கலிஃபோர்னியாவில் எல்எல்சி பதிந்தால், லாபம் வந்தாலும் வராவிட்டாலும், மாநிலத்துக்கு வருடம் குறைந்தது 800 டாலர் வரி. 2021 முதல் 2023 வரை பதிந்தவற்றுக்கு முதல் வருடம் மட்டும் விலக்கு இருந்தது. வருடம் 5,000 டாலர் சம்பாதிக்கும் பகுதி நேரத் தொழிலுக்கு இந்த 800 என்பது ஆறில் ஒரு பங்கு. பொறுப்பு வரையறை என்ற பாதுகாப்பு அந்த விலைக்குத் தகுமா, அல்லது ஒரு காப்பீடு போதுமா? இதுதான் கேள்வி.

தனிநபர் தொழிலாக இருந்தால் சுயதொழில் வரி. சம்பளக்காரருக்கு சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் பாதி முதலாளி கட்டுவார். சொந்தத் தொழிலில் இரண்டு பாதியும் நாமே, 15.3 சதவீதம், நிகர வருமானத்தின் 92.35 சதவீதத்தின் மேல். வருடம் 30,000 டாலர் லாபம் என்றால் சுமார் 4,240 டாலர். வருமான வரி இதற்கு மேல் தனி. அதையும் வருடக் கடைசியில் கட்டினால் போதாது. ஏப்ரல், ஜூன், செப்டம்பர், ஜனவரி என்று நான்கு தவணையாக உத்தேசமாகக் கட்டிக்கொண்டே வர வேண்டும். முதல் வருடம் தொழில் செய்கிறவர்கள் அடுத்த ஏப்ரலில் கலங்கி நிற்பது இந்த இடத்தில்தான்.

நாடு முழுவதற்கும் எழுதும் நூல் ஒவ்வொரு மாநிலத்தின் கட்டணத்தையும் போட முடியாது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 'உங்கள் மாநிலத்தில் இதைத் தேடி, இந்தக் கட்டத்தில் நிரப்புங்கள், இப்போது எந்த வடிவம் உங்களுக்குச் சரி என்று சொல்லுங்கள்' என்று ஒரு பக்கப் பயிற்சி இருந்தால் அந்த அத்தியாயம் வேறு உயரத்துக்குப் போயிருக்கும். தேர்விலும் இந்த வித்தியாசம் தெரியும். 'பின்வருவனவற்றில் எது எல்எல்சியின் நன்மை?' என்பது ஒரு கேள்வி. 'இவருக்கு ஊழியர் இல்லை, லாபம் இவ்வளவு, ஆபத்து இவ்வளவு, எல்எல்சி வேண்டுமா?' என்பது இன்னொரு கேள்வி. முதலாவதற்கு மனப்பாடம் போதும்.

எதிர்வாதம்

இதற்கு ஒரு நேர்மையான மறுப்பு உண்டு. அறிமுகப் பாடம் என்பதே முழுப் பரப்பையும் ஒரு சுற்று காட்டுவதற்குத்தான்; தொழில் நடத்தக் கற்றுக்கொள்ள வேறு இடம் இருக்கிறது. உண்மைதான். பல கல்லூரிகளில் சிறுதொழில் நிர்வாகம் என்று தனிப் பாடம் உண்டு. கலிஃபோர்னியாவில் கிரெடிட் இல்லாத வகுப்புகளுக்குக் கட்டணமே இல்லை. எஸ்பிஏ ஆதரவில் நடக்கும் எஸ்பிடிசி மையங்கள் பல, கம்யூனிட்டி காலேஜ் வளாகங்களிலேயே இருக்கின்றன. ஓய்வு பெற்ற தொழிலதிபர்கள் இலவசமாக ஆலோசனை சொல்லும் ஸ்கோர் அமைப்பு 1964-லிருந்து இயங்குகிறது.

அப்படியென்றால் அந்த வழிகாட்டி முதல் அத்தியாயத்திலேயே இருக்க வேண்டாமா? 'நீங்கள் சொந்தத் தொழில் தொடங்க வந்திருந்தால் இந்தப் பாடத்தோடு அதையும் எடுங்கள்' என்று முதல் வகுப்பிலேயே யாராவது சொல்ல வேண்டும். தவறான பேருந்தில் ஏறியவரைக் கடைசி நிறுத்தம் வரை கூட்டிப்போய், 'உங்கள் ஊருக்குப் பக்கத்து பஸ் போகுமே' என்று சொல்வதில் என்ன பயன்?

இன்னொன்று: பரப்பைக் காட்டுவதற்கும் வரிசைக்கும் சம்பந்தமில்லை. அதே பதினேழு அத்தியாயங்களை வேறு வரிசையில் வைத்தாலும் சி-ஐடி கேட்கும் எல்லாமே உள்ளே இருக்கும்.

மாற்றி அடுக்கினால்

இந்த நூலின் பெரிய பலமே இங்கேதான் இருக்கிறது. கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிட்டிருக்கிறார்கள். மூலத்தைக் குறிப்பிட்டால் போதும். யார் வேண்டுமானாலும் வெட்டலாம், ஒட்டலாம், திருத்தி வெளியிடலாம். ஓப்பன் சோர்ஸ் ஆட்கள் சொல்வது போல ஃபோர்க் பண்ணலாம். காசு கொடுத்து வாங்கிய பாடநூலில் இது நடக்காது.

நான் ஃபோர்க் பண்ணினால் வரிசை இப்படி இருக்கும். முதலில் பதினான்காவது அத்தியாயம், கணக்கு. அடுத்து பதினொன்று, பொருளும் விலையும். பிறகு நான்கு, உரிமை வடிவம், ஐந்து, தொழில்முனைவு. இந்த நான்கும் முதல் ஐந்து வாரத்தில் முடிந்துவிட்டால், தொழில் தொடங்க வந்தவர் ஆறாவது வாரம் தன் பிளானின் நிதிப் பக்கத்தைத் தானே எழுதிவிடலாம். அதன்பின் விநியோகம், உற்பத்தி, நிதி நிர்வாகம். பிறகு ஆட்களை வைத்து வேலை வாங்கும் அத்தியாயங்கள். பொருளாதாரமும் உலகச் சந்தையும் கடைசியில். அதற்குள் மாணவரிடம் ஒரு தொழிலின் எண்கள் இருக்கும், வட்டி விகிதம் ஏறினால் அந்த எண்களில் எது அசைகிறது என்று காட்ட முடியும். நெறிமுறையை மட்டும் தனி அத்தியாயமாக வைக்காமல் ஒவ்வொன்றிலும் கலந்துவிடுவேன். பில் பாக்கியை இழுத்தடிப்பதும் நெறிமுறைக் கேள்விதான்.

உரிமம் இருந்தும் எல்லோரும் ஏன் இதைச் செய்வதில்லை? இந்தக் கல்லூரிகளில் ஆசிரியர்களில் பெரும்பாலோர் பகுதி நேரக்காரர்கள். இரண்டு மூன்று கல்லூரிகளுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு போய் வகுப்பெடுக்கிறவருக்கு, அத்தியாயத்தை மாற்றி அடுக்கி, ஸ்லைடும் கேள்வித்தாளும் புதிதாகத் தயாரிக்க யார் சம்பளம் கொடுப்பார்கள்? புத்தகத்தோடு வருவதை வந்த வரிசையில் நடத்துவதுதான் அவருக்குக் கட்டுப்படியாகும். ஆகவே இந்த வேலையை அவர் தலையில் கட்டாமல், கல்லூரியோ துறையோ ஒரு தடவை பணம் ஒதுக்கிச் செய்ய வேண்டும். ஒரு முறை செய்தால் 116 கல்லூரிகளும் எடுத்துக்கொள்ளலாம்.

அதுவரை, இந்த வகுப்பில் சேர யோசிக்கிறவர்களுக்கு: சேருங்கள். 138 டாலருக்கு இது நல்ல பேரம்தான். சேருவதற்கு முன் பாடத்திட்டத்தை வாங்கிக் கணக்கு எந்த வாரம் வருகிறது என்று பாருங்கள். பிந்தி வந்தால் பதினான்காவது அத்தியாயத்தை நீங்களாகவே முதல் வாரம் படித்துவிடுங்கள். முன்னால் உள்ள பதின்மூன்றும் தெரியாவிட்டாலும் அது புரியும். பிறகு ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: இந்த மாத விற்பனை, இந்த மாதம் கைக்கு வந்த பணம், இந்த மாதம் கையை விட்டுப் போன பணம். உங்கள் தொழிலுக்கு ஆறு மாதத்துக்கு உத்தேசமாக நிரப்புங்கள். எந்த மாதம் மைனஸ் வருகிறதோ, வகுப்பில் கை தூக்கிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி அந்த மாதத்தைப் பற்றியதுதான்.